தம்பியின் கை நெஞ்சோடு ஒட்டிக்கிடக்கிறது, இழுத்து நிமிர்த்தலாமா?

ஊதாப்பூ
ஞாயிறு, இரவு 11:52

வணக்கம். ரொம்ப நாளாகப் படித்துவிட்டுப் போய்விடுவேன், இன்றைக்குத்தான் எழுதுகிறேன். என் தம்பிக்கு 26 வயது. ஐந்து மாதத்துக்கு முன்னால் வத்தலக்குண்டு ரோட்டில் பைக் விபத்து. ஹெல்மெட்டை டேங்க் மேல் வைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறான், அதைப் பேசி இனி ஒன்றும் ஆகப்போவதில்லை. மண்டைக்குள் ரத்தக்கட்டு, ஆபரேஷன், 19 நாள் நினைவில்லை. இப்போது ஆளை அடையாளம் தெரிகிறது, சாப்பாடு வாய் வழியாக இறங்குகிறது, ஒன்றிரண்டு வார்த்தை பேசுகிறான்.

பிரச்சினை வலது பக்கம்தான். முழங்கை மடங்கி நெஞ்சோடு ஒட்டிக்கிடக்கிறது. விரல்கள் கட்டைவிரலை உள்ளே வைத்து மூடிக்கொண்டுவிட்டன. பாதம் கீழ்நோக்கி வளைந்துவிட்டது, நாற்காலியில் உட்கார வைத்தால் குதிகால் தரையில் படவே படாது. ஒருநாள் விளையாட்டாக ஒரு தீப்பெட்டியைக் குதிகாலுக்கு அடியில் நிமிர்த்தி வைத்துப் பார்த்தேன், முட்டாமல் நின்றது.

போன வாரம் அந்தக் கையில் நகம் வெட்ட நானும் அம்மாவும் ஒன்றரை மணி நேரம் போராடினோம். ஒவ்வொரு விரலாகப் பிரித்தால் உள்ளங்கை முழுக்க தண்ணீரில் ஊறிய மாதிரி வெளுத்துப்போய், ஒரு புளித்த வாடை, நடுவிரல் நகம் பதிந்து பிறை மாதிரி புண். அம்மா அடுப்படிக்குப் போய் அழுதார்கள்.

பிசியோ பையன் வாரம் மூன்று நாள் வருகிறார், தடவைக்கு 400 ரூபாய், அரை மணி நேரம். ரொம்ப மெதுவாகச் செய்கிறார். பெரியப்பா பார்த்துவிட்டு, "இப்பிடித் தடவிக் குடுத்தா எப்ப நிமிரும், ரெண்டு பேர் அமுக்கிப் பிடிச்சு ஒரே இழுப்பா இழுக்கணும்" என்று சொல்லி, எலும்பு, நரம்பு எல்லாம் எடுத்துவிடுகிற ஒருவரை வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். வரவிடலாமா? யாராவது அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


கட்டுத்தறி
திங்கள், காலை 6:10

அம்மா, முதல் காரியமாக வியாழக்கிழமை ஆளை வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மீதியை அப்புறம் பேசலாம்.

நான் பிசியோதான், 14 வருடமாகத் தலைக்காயம், பக்கவாதம் பார்க்கிறேன். ஆளைப் பார்க்காமல் இதுதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்ல முடியும். "மூட்டு பிடித்துக்கொண்டது" என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வது மூன்று வேறு வேறு சங்கதி. ஒரு கதவு திறக்க மாட்டேன் என்கிறது என்று வையுங்கள். உள்ளே ஒருவன் கதவைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருக்கலாம். கீல் துருப்பிடித்திருக்கலாம். இல்லையென்றால் கதவுக்குப் பின்னால் அம்மிக்கல்லை வைத்திருக்கலாம். மூன்றுக்கும் ஒரே மாதிரி தோளைக் கொடுத்து இடித்தால் கதவுதான் உடையும்.

உள்ளே ஒருவன் தள்ளுவதுதான் ஸ்பாஸ்டிசிட்டி. அடிபட்ட மூளையிலிருந்து தசையை அடக்கி வைக்கிற கட்டளை வராது, அதனால் தசை தானாகவே முறுக்கிக்கொள்ளும். இதன் அடையாளம் வேகம். மெதுவாக நீட்டினால் ஓரளவு வரும், வெடுக்கென்று நீட்டினால் பிடித்துக்கொள்ளும். 1980இல் லான்ஸ் என்ற நரம்பியல் மருத்துவர் கொடுத்த வரையறையே இதுதான், இன்றைக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். துருப்பிடித்த கீல் என்பது கான்ட்ராக்சர். தசையும் தசைநாணும் மூட்டைச் சுற்றியுள்ள பையும் பல வாரம் ஒரே மடக்கில் கிடந்து நிஜமாகவே குட்டையாகிவிடுவது. மெதுவாக நீட்டினாலும் வேகமாக நீட்டினாலும் அதே இடத்தில் நிற்கும். அம்மிக்கல்லைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

இன்று ராத்திரி தம்பி நன்றாகத் தூங்கிய பிறகு போய்ப் பாருங்கள். கை, விரல், பாதம் மூன்றில் எது தூக்கத்தில் தளர்கிறது, எது அப்படியே இருக்கிறது? தளர்ந்தால் அங்கே முறுக்கு அதிகம் என்று பொருள். அடுத்து, இரண்டு முழங்கையையும் உங்கள் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வலது பக்கம் மட்டும் சூடாக, கொஞ்சம் வீங்கின மாதிரி இருக்கிறதா? இந்தக் கேள்விக்கு மட்டும் கண்டிப்பாகப் பதில் எழுதுங்கள்.


பெரியகுளத்தான்
திங்கள், காலை 9:35

டாக்டர் படிப்பு படித்தவர்கள் எல்லாருமே நாட்டு வைத்தியர் என்றால் ஒரே அடியாக வேண்டாம் என்பார்கள். எங்கள் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது தினமும் வெதுவெதுப்பாக நல்லெண்ணெய் தேய்த்துத்தான் கை வந்தது. விட்டத்தில் கப்பி கட்டி, கயிற்றின் ஒரு முனையை நல்ல கையிலும் மறுமுனையை வராத கையிலும் கொடுத்து இழுக்க வைத்தோம். ஆறு மாதத்தில் சட்டை பட்டன் போட்டார். பிசியோவுக்குக் கொடுத்த காசு தண்டம். தங்கச்சி, வைத்தியரை வரச் சொல்லுங்கள், பார்த்துவிட்டுச் சொல்லட்டுமே, பார்ப்பதில் என்ன நஷ்டம்.


கட்டுத்தறி
திங்கள், மதியம் 1:20

பெரியகுளத்தான் அண்ணே, நான் டாக்டர் இல்லை, பிசியோ. எண்ணெய்க்கு நான் எதிரி இல்லை. மெல்லத் தேய்த்தால் தோல் நன்றாக இருக்கும், ஆளுக்கு இதமாக இருக்கும், தொட்டுக்கொண்டே இருப்பதால் புண் வந்தால் சீக்கிரம் கண்ணில் படும். நான் எதிர்ப்பது "ஒரே இழுப்பை". மாதக்கணக்கில் படுத்த ஆளுக்கு எலும்பில் சுண்ணாம்புச் சத்து குறைந்திருக்கும். நான் பார்த்த ஒரு வீட்டில் மடங்கிய முட்டியின் மேல் ஒருவர் ஏறி உட்கார்ந்து அமுக்கியதில் தொடை எலும்பு முறிந்தது. நோயாளிக்குப் பேச்சு வராது, அதனால் முறிந்தது தெரிந்ததே மூன்று நாள் கழித்து வீக்கத்தைப் பார்த்துத்தான்.

கப்பியும் வேண்டாம். உங்கள் அப்பாவுக்குத் தோள் தப்பித்தது அதிர்ஷ்டம். வலுவில்லாத தோளில் எலும்பு குழியிலிருந்து கொஞ்சம் இறங்கி நிற்கும். கப்பியில் தூக்கும்போது தோள்பட்டை எலும்பு கூடவே சுழலாமல் கை மட்டும் மேலே போகும், இடையில் தசைநாண் நசுங்கும். அப்படி வருகிற தோள் வலி வருடக்கணக்கில் இருக்கும். இதே காரணத்துக்காக அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்குவதையும், வராத கையைப் பிடித்து இழுத்து எழுப்புவதையும் வீட்டில் நிறுத்த வேண்டும். சுடுதண்ணீர்ப் பையும் ஜாக்கிரதை, உணர்ச்சி குறைந்த பக்கத்தில் வெந்தால் கூட அவனுக்குத் தெரியாது.


மூணாம்மாடி
திங்கள், இரவு 10:03

நான் தலையில் அடிபட்ட ஆளே. திருப்பூரில் மூன்றாம் மாடிச் சாரத்திலிருந்து விழுந்தேன். அதுதான் இந்தப் பெயர். இடது கையால் டைப் அடிக்கிறேன், மெதுவாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே இருந்து எப்படி இருக்கும் என்று யாரும் எழுதுவதில்லை, அதனால் எழுதுகிறேன். கையை யாராவது பிடித்தாலே அது என்னைக் கேட்காமல் இறுக்கும். நான் இறுக்கவில்லை. வீட்டில் "ஏன்டா விட மாட்டேங்கிற, விடு" என்று கத்துவார்கள். கத்தினால் இன்னும் இறுக்கும். பயந்தால் இறுக்கும், குளிர்ந்தால் இறுக்கும், ஒன்றுக்கு முட்டினால் இறுக்கும். கொட்டாவி விட்டால் கை தானாக மேலே ஏறும், முதல் தடவை அது நடந்தபோது கை வந்துவிட்டது என்று அம்மா தேங்காய் உடைத்தார்கள். கொட்டாவி முடிந்ததும் இறங்கிவிட்டது.

ஒரு தடவை ஒரு வாரமாகக் கை கால் இரண்டும் கட்டை மாதிரி ஆகிவிட்டது. மூளையில் மறுபடி ஏதோ என்று பயந்து ஓடினார்கள். கடைசியில் நான்கு நாளாக மலம் போகவில்லை, கூடவே மூத்திரத்தில் கிருமி. அதைச் சரி செய்ததும் கை பழைய நிலைக்கு வந்தது.

இன்னொன்று. முறுக்கைத் தளர்த்துகிற பேக்லோஃபென் மாத்திரை கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். எனக்கு நாள் முழுக்கத் தூக்கமாக இருக்கிறது என்று வீட்டில் திடீரென்று நிறுத்தினார்கள். ஃபிட்ஸ் வந்து திரும்ப ஆஸ்பத்திரி. குறைப்பதென்றால் டாக்டர் சொல்லிப் படிப்படியாகத்தான்.

தம்பியைத் தொடுவதற்கு முன்னால் "கையைத் தொடப்போறேன்" என்று சொல்லிவிட்டுத் தொடுங்கள் அக்கா. இதற்கு ஒரு பைசா செலவில்லை.


நிலாச்சோறு
செவ்வாய், காலை 7:48

கடைசி வருடம் பிசியோதெரபி படிக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன், சரி எழுதிவிடுகிறேன். கட்டுத்தறி சார் கோபப்பட வேண்டாம். நீட்டுகிற பயிற்சியைப் பற்றி 2017இல் காக்ரேன் தொகுப்பு (பல ஆய்வுகளைச் சேர்த்து அலசுகிற அறிக்கை) ஒன்று வந்தது, எங்களுக்குப் பாடத்தில் இருக்கிறது. நரம்புக் கோளாறு உள்ளவர்களுக்கு மாதக்கணக்கில் நீட்டிவிட்டும், ஸ்பிளின்ட் (மூட்டை நீட்டின நிலையில் பிடித்து வைக்கிற பட்டை) போட்டும் பார்த்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்ததில், மூட்டு அசைகிற அளவில் சொல்லிக்கொள்ளும்படி பெரிய பலன் இல்லை என்றுதான் முடித்திருக்கிறார்கள். அப்படியென்றால் அந்த அக்கா கொடுக்கிற 400 ரூபாய் எதற்கு? கிளினிக்கில் நாங்கள் தினமும் செய்வதே அதுதானே. உண்மையாகவே கேட்கிறேன்.


கட்டுத்தறி
செவ்வாய், இரவு 9:30

கோபமெல்லாம் இல்லை பாப்பா. அதைப் படித்தபோது எனக்கும் வயிற்றைப் பிசைந்தது, அதுவரை பத்து வருடமாக நான் நீட்டிவிட்ட கைகளை எல்லாம் நினைத்துப் பார்த்தேன். அந்தத் தொகுப்பு சொல்வது சரி. அதில் உள்ளவை ஏழு மாதம் வரை செய்து பார்த்த ஆய்வுகள், பலரும் மற்ற சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்கள், இதெல்லாம் உண்டுதான், ஆனால் அதைச் சொல்லித் தப்பிக்க மாட்டேன்.

நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டது இது. பிசியோ வந்து அரை மணி நேரம் நீட்டிவிட்டுப் போகிறார், மீதி இருபத்து மூன்றரை மணி நேரம் கை மடங்கியே கிடக்கிறது. இதில் எது ஜெயிக்கும்? அந்த அரை மணி நேரத்தில் நான் இப்போதெல்லாம் நீட்டுவதைக் குறைத்துவிட்டேன். வீட்டாளுக்குச் சொல்லித் தருகிறேன், நோயாளியை நிற்க வைக்கிறேன், சாய்பலகையில் கட்டி நிறுத்தினால் உடம்பு எடையே கெண்டைக்கால் தசையை நீட்டும், கூடவே எலும்புக்கும் வேலை. கொஞ்சமாவது தசை அசைந்தால் அதை வைத்து டம்ளரைப் பிடிக்க, துண்டைத் தள்ள, எதையாவது செய்ய வைக்கிறேன். மூளைக்கு வேலை கொடுக்காமல் மூட்டை மட்டும் நீட்டி என்ன பயன்?

மாவுக்கட்டு வைத்தியமும் இப்படித்தான். கொஞ்சம் நீட்டின நிலையில் கட்டுப் போட்டு, ஒரு வாரத்துக்குள் பிரித்து, இன்னும் கொஞ்சம் நீட்டி மறுகட்டு, இப்படி வரிசையாக. 2008இல் ஆஸ்திரேலியாவில் தலைக்காயக்காரர்களின் முழங்கையில் செய்து பார்த்தார்கள். கட்டு எடுத்தவுடன் நல்ல நீட்சி. நான்கு வாரத்தில் கிட்டத்தட்ட பழையபடி. கட்டு வேலை செய்யவில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. கிடைத்ததை மறுநாளே பயன்படுத்தவில்லை என்றால் போய்விடும், அவ்வளவுதான். அதனால் நான் கணுக்காலுக்குத்தான் அதிகம் சொல்வேன், குதிகால் தரையில் பட்டால் நிற்கலாம், நின்றால் தினமும் அது தன்னையே நீட்டிக்கொள்ளும்.


ஊதாப்பூ
புதன், இரவு 11:15

எல்லாருக்கும் நன்றி. மூணாம்மாடி தம்பி, நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்கள். இப்போது நாங்கள் "கையைத் தொடப்போறோம்டா" என்று சொல்லிவிட்டுத்தான் தொடுகிறோம். ஏதோ முனகுகிறான், சரி என்று எடுத்துக்கொள்கிறோம்.

சார் சொன்னபடி இரண்டு ராத்திரி பார்த்தேன். விரல்கள் தூக்கத்தில் தளர்கின்றன! கட்டைவிரலைத் தவிர மற்றதைப் பூப்போலப் பிரிக்க முடிந்தது. அந்த நேரத்திலேயே சோப்புத் துணியால் துடைத்து, ஈரம் போக ஒற்றி, பருத்தித் துண்டைச் சுருட்டி உள்ளே வைத்தேன். நகம் வெட்டுவதையும் இனி ராத்திரிதான். பாதம் தூக்கத்தில் கொஞ்சம்கூட மாறவில்லை. முழங்கையும் மாறவில்லை, ஆனால் பாதம் மாதிரி இல்லை அது. பாதத்தை அழுத்தினால் ரப்பர் மாதிரி ஒரு இழுவை தெரிகிறது. முழங்கை ஒரு இடத்துக்கு மேல் போகாது, கல்லில் முட்டின மாதிரி டக்கென்று நிற்கிறது. தொட்டால் இடது முழங்கையைவிடச் சூடு. அம்மா சொல்கிறார்கள், இரண்டாவது மாதம் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே அந்த இடம் கொஞ்சம் உப்பியிருந்ததாம், ஊசி போட்ட வீக்கம் என்று நினைத்துவிட்டார்களாம். அப்போது கை இன்னும் நீண்டதாம்.

பெரியப்பா கோபமாக இருக்கிறார். நாளை வைத்தியர் வர மாட்டார், நானே போன் பண்ணிச் சொல்லிவிட்டேன்.


கட்டுத்தறி
வியாழன், காலை 5:55

அம்மா, அதுதான் அம்மிக்கல்லாக இருக்கலாம் என்று சந்தேகப்படுகிறேன். தலைக்காயத்துக்குப் பிறகு சிலருக்குத் தசைக்கு நடுவே, மூட்டைச் சுற்றி, இருக்கக்கூடாத இடத்தில் எலும்பு வளரும். ஹெட்டரோடோபிக் ஆசிஃபிகேஷன் என்பார்கள். இடுப்பு, முழங்கை, தோள், முட்டி, இந்த நான்கில்தான் பெரும்பாலும். நினைவில்லாமல் நிறைய நாள் கிடந்தவர்களுக்கும் முறுக்கு அதிகம் உள்ளவர்களுக்கும் வர வாய்ப்பு அதிகம். தொடக்கத்தில் சூடு, வீக்கம், நாளுக்கு நாள் அசைவு குறைவது. இதே அறிகுறி ரத்தக்கட்டுக்கும், கிருமித் தொற்றுக்கும், தெரியாமல் போன எலும்பு முறிவுக்கும் உண்டு. அதனால் தள்ளிப்போடாமல் எலும்பு டாக்டரிடம் காட்டி முழங்கைக்கு எக்ஸ்ரே, ரத்தத்தில் அல்கலைன் பாஸ்ஃபடேஸ் பாருங்கள். ஐந்து மாதம் ஆகிவிட்டதால் எக்ஸ்ரேயிலேயே தெரிந்துவிடும். சுண்டுவிரல் பக்கம் மரத்துப்போகிறதா என்பதையும் கேட்டுப் பாருங்கள், அந்த எலும்பு பக்கத்தில் போகிற நரம்பை நெருக்கும்.

அதுவரை உங்கள் பிசியோ பையன் மெதுவாகச் செய்ததற்கு அவருக்கு ஒரு காபி கொடுங்கள்.


பெரியகுளத்தான்
வியாழன், காலை 10:12

தங்கச்சி, எக்ஸ்ரே எடுங்கள். எலும்பு வளரும் என்பது எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் எனக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. எண்ணெய் விஷயத்தில் மட்டும் நான் மாற மாட்டேன்.


ஊதாப்பூ
மூன்று வாரம் கழித்து, சனி மாலை 4:40

எக்ஸ்ரேயில் வந்துவிட்டது. முழங்கைக்குப் பின்னால் வெள்ளையாக, பவளப்பாறை மாதிரி. டாக்டர் அதைப் பெரியப்பாவிடமே காட்டி, "இதை இழுத்திருந்தா என்னாகும்னு நினைக்கிறீங்க" என்று கேட்டார். பெரியப்பா வீடு வரும்வரை வாயே திறக்கவில்லை. ராத்திரி மட்டும் தம்பி கட்டில் பக்கம் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

இப்போதைக்கு ஆபரேஷன் இல்லை, எலும்பு முற்றட்டும், ஒரு வருடத்துக்கு மேல் ஆகலாம், அப்போது பார்த்து வெட்டி எடுக்கலாம் என்கிறார். அதுவரை வலிக்காத எல்லைக்குள் தினமும் அசைக்க வேண்டும், அப்படியே விட்டுவிடவும் கூடாதாம். விரலுக்கு, தசையின் முறுக்கைத் தளர்த்துகிற போடாக்ஸ் ஊசி பேசியிருக்கிறார்கள். ஒரு வாரத்தில் பிடிக்கும், மூன்று மாதம் போல இருக்கும், அந்த மூன்று மாதத்தில் கையை உபயோகிக்கப் பழக்கவில்லை என்றால் ஊசி வீண் என்று தெளிவாகச் சொன்னார்கள். பாதத்துக்கு மாவுக்கட்டு, வாரம் ஒரு தடவை மாற்ற வேண்டும்.

ஆக, கதவு மூன்றும் என் தம்பி ஒருவன் உடம்பிலேயே இருந்திருக்கிறது. விரலில் ஆள், பாதத்தில் துரு, முழங்கையில் கல்.

செலவுதான் மலைப்பாக இருக்கிறது. முதல் 48 மணி நேரம் அரசுத் திட்டத்தில் போனது, அதற்கப்புறம் எல்லாம் நகைதான்.


நிலாச்சோறு
சனி, இரவு 8:05

அக்கா, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோ செய்வது உண்டு, 2021இலிருந்து நடக்கிறது. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். அடிக்கடி வர மாட்டார்கள், ஆனால் வரும் அன்றைக்கு 400 மிச்சம். சென்னைக்குப் போக முடிந்தால் கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது, ஸ்பிளின்ட், காலணி எல்லாம் அங்கேயே செய்கிறார்கள்.


மூணாம்மாடி
ஞாயிறு, காலை 11:30

நான் வேலூர் பாகாயத்தில் இருந்தேன், சி.எம்.சி.யின் மறுவாழ்வு மையம். மேரி வர்கீஸ் என்ற டாக்டர் 1966இல் தொடங்கியது. 1954இல் கார் விபத்தில் அவருக்கே இடுப்புக்குக் கீழ் போய்விட்டது, சக்கர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தவர். அங்கே என்னைவிட அம்மாதான் அதிகம் கற்றுக்கொண்டார்கள். திருப்பிப் படுக்க வைப்பது, தலையணை வைப்பது, எழுப்புவது எல்லாம்.

மாவுக்கட்டுப் போட்டால் கால்விரலை மணிக்கொரு தடவை பாருங்கள். வீங்கினால், நீலமாகவோ வெளுத்தோ போனால், சில்லிட்டுப் போனால் உடனே கட்டைப் பிரிக்கச் சொல்ல வேண்டும். அவனால் வலி என்று சொல்ல முடியாது. முகத்தைப் பாருங்கள். எனக்கு வலித்தால் மூச்சு வேகமாகும், அம்மா அதை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள்.


ஊதாப்பூ
ஏழு வாரம் கழித்து, வெள்ளி இரவு 10:20

பதில் போட நேரமே இல்லை, மன்னிக்கவும். கட்டு ஐந்து மாற்றியாகிவிட்டது. மூன்றாவது கட்டில் குதிகாலில் சிவந்துவிட்டது, நான்கு நாள் சும்மா விட்டு மறுபடி போட்டார்கள். இரண்டாவது கட்டுக்கப்புறம் தீப்பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தால்தான் நுழைந்தது. நான்காவதுக்கப்புறம் படுக்கப்போட்டால்தான். இன்றைக்குப் படுக்கப்போட்டும் நுழையவில்லை, பிசியோ தம்பி குனிந்து ஒரு பத்து ரூபாய் நோட்டைச் செருகிப் பார்த்து, "அக்கா, நோட்டு மட்டுந்தான் போகுது" என்றார்.

இனி ராத்திரிக்கு பிளாஸ்டிக்கில் ஏ.எஃப்.ஓ. (கணுக்காலையும் பாதத்தையும் நேராகப் பிடித்து வைக்கிற பட்டை), பகலில் இரண்டு வேளை நிற்க வைப்பது. முதல் நாள் நான்கு நிமிடம் நின்றான். நிற்கும்போது வலது கை நெஞ்சுக்கு ஏறிவிடுகிறது, பெரியப்பா அதைப் பிடித்து இறக்காமல் பக்கத்தில் நின்று "சரி சரி, அது கெடக்கட்டும்" என்கிறார். ஊசி போட்ட விரல்கள் பகலிலேயே பிரிகின்றன. தானாகப் பிடிக்கிற வேலை இன்னும் வரவில்லை. பெரியகுளத்தான் அண்ணன் சொன்ன நல்லெண்ணெயை உள்ளங்கைக்கு மட்டும் தடவுகிறோம், வெளுப்பு போய்விட்டது.

கட்டுத்தறி சார், ஒரு சந்தேகம். நிற்க வைக்கும்போது வலது முட்டி பின்பக்கமாக வளைகிற மாதிரி தெரிகிறது. கட்டு எடுத்த பிறகு கெண்டைக்காலில் இன்னும் இழுவை மிச்சம் இருப்பதாலா, இல்லை தொடையில் வலு இல்லாததாலா? வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன்.


கட்டுத்தறி
வெள்ளி, இரவு 10:48

இரண்டுமே இருக்கலாம். முகம் தெரியாமல் இடுப்புக்குக் கீழே மட்டும் வெட்டி அனுப்புங்கள். பக்கவாட்டில் எடுத்ததா? இல்லையென்றால் நாளைக் காலையில் செருப்பு இல்லாமல் ஒன்று எடுத்துவிடுங்கள். அதுவரை முட்டிக்குப் பின்னால் பிசியோ தம்பியின் கை இருக்கட்டும்.